பிடி அரிசி டின்

மகளே, இதை யாருக்கும் காட்டாதே. அல்லாஹ்வுக்காகக் கேட்கிறேன். உன் வாப்பாவுக்குக்கூடக் காட்டாதே. அவர் யாரென்று எனக்கே இன்னும் தெரியாது, ஆனாலும் காட்டாதே. பக்கத்து அறையில் தூங்கும் என் உம்மாவுக்கு இது கனவிலும் தெரியக் கூடாது. எனக்கு இப்போது பதினைந்து வயது. நீ பிறப்பதற்கு இன்னும் எத்தனையோ வருடங்கள் இருக்கின்றன. பிறக்காத பிள்ளைக்குக் கடிதம் எழுதும் எண்ணம் எனக்குத் தானாக வரவில்லை. நோய்க்குப் பயந்து ஊரடங்கு போட்டுப் பாடசாலையை மூடியதிலிருந்து எங்கள் தமிழ் டீச்சர் வாரம் ஒரு கட்டுரைத் தலைப்பை வாப்பாவின் போனுக்கு அனுப்புகிறார். இந்த வாரத் தலைப்பு, ‘வீட்டில் தங்கியிருக்கும் காலத்தில் செலவும் சேமிப்பும்: ஒரு தாய் தன் வளர்ந்த மகளுக்கு எழுதும் கடிதம்’. கொப்பியின் முன்பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதி முடித்துவிட்டேன். வீண்விரயம் செய்யாதே, உள்ளதைக் கொண்டு திருப்தியாக இரு, இல்லாதவர்களுக்குக் கொடு என்றெல்லாம் நல்ல தாயாக எழுதியிருக்கிறேன். டீச்சர் சந்தோஷப்படுவார். இது அதே கொப்பியின் கடைசிப் பக்கங்கள். நுளம்பு வலைக்குள் வாப்பாவின் டோச் லைட்டைத் தலையணைக்கு அடியில் பாதி மறைத்து வைத்து எழுதுகிறேன். நோன்பு பிடிக்க விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு உம்மா எழும்ப முன்னர் முடிக்க வேண்டும். அதன் பிறகு ரிஸ்னா வந்து கதவைத் தட்டுவாள்.

முதலில் எங்கள் வீட்டை உனக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது ஆலங்குடாவில், கடற்கரையிலிருந்து உள்ளே வரும் ஒழுங்கையில். இரண்டு அறை, ஒரு குசினி, தென்னோலைக் கிடுகு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ரிஸ்னாவின் வீடு. வாப்பா ஹோட்டல்காரர்களின் படகில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு டொல்பின் காட்டப் போவார். விமானங்கள் நின்ற கிழமையே அந்த வேலையும் நின்றுவிட்டது. அதுவரை வாப்பா பகலில் வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. இருக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு வீட்டில் என்னென்ன கரைகிறது என்று அவர் கண்டார். கண்டதை எல்லாம் உம்மாவிடம் கேட்டார்.

“என்ன இது, திங்கக்கிழம தொறந்த சீனிப் பேக், வியாழக்கிழம வெறும் பேக்கா இரிக்கி?”

“நீங்க வீட்ல இரிக்கிறீங்கல்ல, அதான்,” என்றார் உம்மா. “ஒரு நாளைக்கு ஏழு பிளேன்டீ குடிச்சா சீனி என்ன, எறும்பா தூக்கிட்டுப் போவுது?”

“அப்ப நான் கடல்ல போய் நிக்கட்டா?”

“நில்லுங்க. டொல்பினுக்கு டீ ஊத்திக் குடுங்க.”

அந்த நாட்களில் நான் கவனித்ததை உனக்குச் சொல்கிறேன். டீச்சருக்கு எழுதிய கடிதத்தில் இதை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. வீட்டில் தங்கினால் செலவு குறையும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பஸ் காசு இல்லை, கன்டீனில் ரோல்ஸ் இல்லை, பெருநாளுக்குப் புது உடுப்பு இல்லை என்று உம்மாவும் முதல் இரண்டு கிழமை மகிழ்ந்தார். வாப்பாவின் தலைமயிரைக்கூடத் தானே வெட்டி, சலூன் காசு மிச்சம் என்றார். வாப்பா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, ‘மிச்சந்தான், காதுப் பக்கமும் கொஞ்சம் மிச்சம் இரிக்கி’ என்றார். ஆனால் வெளியே சாப்பிட்ட வாய்கள் எல்லாம் வீட்டுப் பானைக்குத் திரும்பின. பாண் கொண்டுவரும் ஆட்டோ வராததால் காலையிலும் சோறு. கேஸ் சிலிண்டர் பாதி மாதத்தில் தீர்ந்து, தென்னை மட்டையில் சமைத்தோம். எங்கள் பக்கத்தில் விளைவதும் பிடிபடுவதும் மலிந்து கிடந்தன. லொறி ஏற முடியாத வெங்காயத்தை நுரைச்சோலைக்காரர் சைக்கிளில் கொண்டுவந்து கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். ஐஸ் இல்லாததால் மீனைச் சும்மா கொடுத்தவர்களும் உண்டு. உம்மா மிஞ்சிய மீனையெல்லாம் உப்புப் போட்டுக் கருவாடாக்கினார். ஆனால் அரிசி எங்கள் மணலில் விளைவதில்லை. அரிசி வெளியிலிருந்து வர வேண்டும். நாங்கள் வெங்காயமும் மீனும் நிறைந்த வீட்டில் அரிசியைப் பார்த்துப் பார்த்துச் சமைத்தோம்.

அந்த அரிசியில்தான் என் பிழை நடந்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு முறை சோற்றுக்கு அரிசி அளந்ததும், கழுவ முன்னர் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி வேறொரு டின்னில் போடுவார்கள். அதைப் பிடி அரிசி என்போம். மாதம் ஒருமுறை நூர் மாமி உரப்பையோடு வந்து வீடு வீடாக அதைச் சேர்த்து, கடையில் விற்று, அந்தக் காசில் ஒரு பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புவார். வருடத்துக்கு ஒரு பிள்ளை. உம்மாவுக்கு அந்தப் பிடி தொழுகை மாதிரி. ஏழு வயதில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு இங்கு வந்து இறங்கியபோது, முதல் கிழமை அவர் சாப்பிட்டது இந்த ஊர் வீடுகளில் பிடி பிடியாகச் சேர்த்த சோறு. அதனால் ஒரு வேளைக்கு அளக்கும் நான்கு சுண்டு அரிசி மூன்றானபோதும், மூன்று இரண்டரையானபோதும் பிடி மட்டும் குறையவில்லை. இரண்டு வேளைக்குப் பதிலாக மூன்று வேளை சமைத்ததால் நாளுக்கு மூன்று பிடி போனது. வாப்பா ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

“இப்ப நாமளே பிடி அரிசி வாங்கிற நெலைமையில இரிக்கிறம். கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டினா என்ன?”

“குடுக்கிறதுக்குன்னு நிய்யத் வச்சுப் போட்டது,” என்றார் உம்மா. “டின்னுக்குள்ள போனா அது நம்மட இல்ல.”

யாருடையது என்று நான் மனதுக்குள் கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். இந்த வருடம் அது ரிஸ்னாவுடையது.

ரிஸ்னாவும் நானும் ஒரே வகுப்பு. அவளுடைய வாப்பா வேறு கலியாணம் செய்துகொண்டு சிலாபம் பக்கம் போய்விட்டார். அவளுடைய உம்மா பாய் பின்னி விற்பார். நூர் மாமி அவளைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பிழையும் சொல்ல முடியாது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊரடங்குக்கு முன்னர் சனிக்கிழமைகளில் அவள் புத்தளத்துக்குக் கணித வகுப்புக்குப் போக பஸ் ஏறுவதை நான் விளக்குமாறோடு நின்று பார்ப்பேன். எனக்கும் கேட்டேன். ‘சீசன் வரட்டும் மகள்’ என்றார் வாப்பா. நாங்கள் வாங்கும் அளவுக்கு ஏழைகள் இல்லை, காசு கட்டிப் படிக்கும் அளவுக்கு வசதியும் இல்லை. கொடுப்பதற்கு மட்டும் அளவாக இருந்தோம். வீட்டில் அரிசி கழுவுவது நான். என் கையால் அள்ளித்தான் அவளைப் பஸ்ஸில் ஏற்றினேன். பரீட்சையில் அவளுக்கு என்னைவிட இருபது புள்ளி கூட. ‘ரிஸ்னாவப் பாரு’ என்று உம்மா சொல்லும்போதெல்லாம் என் உள்ளங்கையில் அரிசி குத்துவது போல இருக்கும். அவள் ஒன்றும் வாயில்லாப் பூச்சியும் இல்லை. வேலிக்கு மேலால் தலையை நீட்டி, ‘ஒங்கட வீட்டு அரிசிதான் புள்ள எனக்குக் கணக்குப் படிப்பிக்கிது’ என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நீ யாருடனாவது அப்படிச் சிரிக்க நேர்ந்தால், மகளே, அந்த இடத்தைவிட்டு உடனே வீட்டுக்குள் போய்விடு. அங்கே நின்று சிரித்ததுதான் என் முதல் பிழை.

ஊரடங்கில் அந்த வகுப்பு போனுக்கு மாறியது. டேட்டா கார்டுக்கும் வகுப்புக் காசுக்கும் பிடி அரிசிதான் என்று நூர் மாமி சொல்லிவிட்டார். வகுப்பு முடிந்ததும் ரிஸ்னா ஒவ்வொரு கணக்கையும் தாளில் எழுதி வேலி இடுக்கால் எனக்கு நீட்டுவாள். ‘பிழ விடாமப் பாத்து எழுது, விளங்காட்டிக் கேளு, நான் இப்ப ஒனக்குக் கணக்கு சேர்தான்’ என்பாள். அதில் பாதி பெருமை, பாதி அன்பு. நான் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு, தாள்களை வாசிக்காமல் பாய்க்கு அடியில் வைத்தேன்.

பிறகு என் பிடி சிறுத்தது. விரல்களை இறுக்கி மூடினால் கை நிறைந்தது போலத் தெரியும், உள்ளே பாதிதான் இருக்கும். யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் அரிசி லொறி வரவில்லை. மூட்டையில் மறுநாளைக்கு மட்டும் இருந்தது. உம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்து வெங்காயச் சம்பலோடு வைத்தார். பிடி அரிசி டின் எங்களுக்கு முன்னால், அடுப்பங்கரையில், முக்கால்வாசி நிறைந்து இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்க்காமல் சாப்பிட்டோம். வாப்பா பாதியில் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் நின்றார். அடுத்த நாள் அரிசி கழுவும்போது நான் டின்னுக்குள் கையை விட்டேன். போடவில்லை. எடுத்தேன். இரண்டு பிடி எடுத்துப் பானையில் போட்டேன். வாப்பாவுக்காக எடுத்தேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். கை உள்ளே போனபோது நான் வாப்பாவை நினைக்கவில்லை. சனிக்கிழமை பஸ்ஸை நினைத்தேன்.

அன்று சோறு அதிகமாக வந்தது. உம்மா அகப்பையோடு நின்று பானையைப் பார்த்தார்.

“இஞ்சப் பாருங்க. ரெண்டரச் சுண்டு போட்டது மூணரச் சுண்டு மாதிரிப் பொங்கியிரிக்கி.”

“அரிசி நல்ல அரிசி போல,” என்றார் வாப்பா.

“அதே மூட்டதான். இது பரக்கத்து. பிடி போடுற வீட்ட அல்லாஹ் கைவிட மாட்டான்.” உம்மாவின் கண் கலங்கிவிட்டது.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மறுநாள் எடுக்காமல் விட்டால் பரக்கத்து போய்விட்டதென்று உம்மா கவலைப்படுவார் என்று மறுபடியும் எடுத்தேன். நோன்பு தொடங்கியது. சஹர் சோற்றுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் எடுத்தேன். நாங்கள் தர்மம் செய்த அரிசியை நாங்களே தின்று நோன்பு திறந்தோம், மகளே. உம்மா ஒவ்வொரு நாளும் பானையைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் என்றார். வேலிக்கு மேலால் ரிஸ்னாவின் உம்மாவுக்கும் சொன்னார். ‘பரக்கத்துக்குச் சீனி டின்னுக்கு வழி தெரியல்ல போல’ என்று வாப்பா பகிடி விட்டார். ஆனால் அவரும் முன்புபோல் பாதியில் எழும்பவில்லை. நான் வீட்டுக்குச் செய்த ஒரே உதவி ஒரு களவு. அது அவர்களுக்குச் சந்தோஷத்தைக் கொடுத்தது. ஒரு பிழை பிழையாகவே வந்து நின்றால் விட்டுவிடலாம். நன்மை போல உடுத்திக்கொண்டு வந்தால் விடுவது கஷ்டம்.

வெள்ளிக்கிழமைகளில் உம்மா டின்னைத் தூக்கிப் பார்ப்பார், பாரம் கூடியிருக்கிறதா என்று. அந்தப் பயத்தில்தான் உப்பைப் போட்டேன். மண் போட நினைத்தேன், தின்னும் பொருளில் மண் போடக் கை வரவில்லை. கருவாட்டுக்கு வாங்கிய புத்தளத்து உப்பு மூட்டையாகக் கிடந்தது. கல் உப்பு, வெள்ளை, அரிசியைவிடப் பாரம். மிச்ச அரிசியை ஒரு சட்டியில் எடுத்து வைத்துவிட்டு, அடியில் உப்பைக் கொட்டி, அதன் மேல் நான்கு விரல் உயரத்துக்கு அரிசியைப் பரப்பினேன். உம்மா தூக்கிப் பார்த்து, ‘மாஷா அல்லாஹ், பாரம்’ என்றார்.

முந்தாநாள் நூர் மாமி போன் எடுத்தார். உம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“கனபேர் பிடி போடுறத நிப்பாட்டிட்டாங்கடி,” என்றார் மாமி. “அவங்கள என்னத்தச் சொல்ல. இந்த மாசக் காசு கட்டாட்டி நாளையண்டைக்கு அந்தப் புள்ளய வகுப்புல இருந்து எடுத்துருவாங்க. எனக்கும் ஊரடங்கு, வர ஏலாது.”

“மாமி, எங்கட டின் நெறஞ்சி இரிக்கி,” என்றார் உம்மா. குரலில் அவ்வளவு சந்தோஷம். “இந்தப் புள்ளைக்கு அது மட்டும் போதும்.”

அங்கேயே முடிவு செய்தார்கள். இன்று சஹர் முடிந்ததும், பொலிஸ் ஜீப் வர முன்னர், ரிஸ்னா வந்து டின்னை எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்குப் பின்வாசலால் போவாள். கடைக்காரர் அரிசியை நிறுத்து எடுத்துக்கொண்டு காசு கொடுப்பார். போனை வைத்ததும் உம்மா டின்னை அடுப்பங்கரையிலிருந்து தூக்கி வந்து, நான் படுக்கும் இந்த அறையில், குர்ஆன் வைக்கும் தட்டுக்குக் கீழே மரியாதையாக வைத்தார். பரக்கத்தான டின் புகையில் இருக்கக் கூடாதாம். அடுப்புச் சூட்டில் உலர்ந்து கிடந்த உப்பு, இந்தக் கடல் காற்றில், சீமெந்துத் தரையில் நீர் விடத் தொடங்கியது. நேற்றுப் பின்னேரம் டின்னின் கீழ் மூலையில் ஈரம் கசிந்து நின்றது. உம்மா கண்டுவிட்டு, ‘என்ன மகள், டின் வேர்க்கிது?’ என்று கேட்டார். நான் தண்ணீர் சிந்திவிட்டேன் என்று சொல்லித் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

இப்போது நான் சொல்வதற்காகத்தான் முதல் வரியில் உன்னைக் கெஞ்சினேன். கடைக்காரர் டின்னைத் தராசில் கவிழ்ப்பார். மேலே அரிசி விழும், பிறகு ஈர உப்பு விழும். டின்னைக் கொண்டுவந்து நிற்பவள் ரிஸ்னா. இந்த ஒழுங்கையில் என் உம்மாவைச் சந்தேகிக்க ஆளில்லை. அரிசியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு உப்பை நிரப்பிவிட்டாள் என்று அவளைத்தான் சொல்வார்கள். வகுப்பும் போகும், பேரும் போகும். இனி யாரும் என்னிடம் ‘ரிஸ்னாவப் பாரு’ என்று சொல்ல மாட்டார்கள். இது முந்தாநாள் போன் வைத்த உடனே என் மனதில் வந்தது. வந்தபோது, மகளே, எனக்கு இனித்தது. இரண்டு நாளாக அந்த இனிப்பை வாயில் வைத்துக்கொண்டு நோன்பு பிடித்தேன்.

இன்று இரவு தூக்கம் வராமல் பாய்க்கு அடியில் கிடந்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாக் கணக்குகளும் படிப்படியாக இருந்தன. எனக்கு எது விளங்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடங்களில் மட்டும் இரண்டு தடவை, இரண்டு விதமாகச் செய்து காட்டியிருக்கிறாள். ஒரு தாளின் மூலையில், ‘ஒங்கட உம்மாட கஞ்சி வாசம் இங்க வருது, பாடம் ஓடல்ல, பாவி’ என்று எழுதியிருந்தாள். வாசித்துவிட்டும் எனக்குப் பொறாமை போகவில்லை. இவ்வளவு அழகாகச் செய்து காட்டத் தெரிகிறதே என்று இன்னும் கூடியது. பொறாமை போன பிறகு நல்லவளாக நடக்கலாம் என்று நான் காத்திருந்தேன். அது போகாது போல இருக்கிறது. உனக்கு வந்தால் நீ காத்திருக்காதே. அது உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்.

என்ன செய்வது என்றுதான் எனக்குப் பயம். திருப்பிப் போட அரிசி இல்லை. மூட்டையில் இருந்த கடைசிச் சுண்டு சஹருக்கு நனைத்தாயிற்று. வாப்பா அடிக்க மாட்டார், எழும்பி வெளியே போய் நிற்பார். என் உம்மா இத்தனை நாளாக அல்லாஹ் தன் பானையைப் பார்க்கிறான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அது நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் ரிஸ்னா கடைவாசலில் அந்த டின்னோடு நிற்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். சஹர் உணவு முடிந்து, உம்மா தொழுகைக்கு முன்னர் கொஞ்சம் சாய்வார். அப்போதுதான் ரிஸ்னா வருவாள். அவள் தட்டும் விதம் எனக்குத் தெரியும். இரண்டு தட்டு, பிறகு என்னைப் பயம் காட்ட நகத்தால் ஒரு சுரண்டல். அவள் கையில் டின்னைக் கொடுக்க மாட்டேன். உம்மாவையும் கூப்பிட்டு, மூடியைக் கழற்றி, கையை அடிவரை விட்டு, ஒரு பிடி அள்ளி இருவருக்கும் முன்னால் விரிப்பேன். இந்த முறை விரல்களை இறுக்க மாட்டேன். வகுப்புக் காசுக்கு என் காதில் கிடந்த சின்னத் தோடு இருக்கிறது. அதை எடுத்துக் கையில் வைத்திருக்கிறேன். சொல்வேனா என்று நீ கேட்டால், இந்த வரியை எழுதும்போது சொல்வேன். கதவு தட்டும்போது

சஹர் சாப்பிட உம்மா கூப்பிட்டார், போய்விட்டு வந்தேன். இன்றும் சோறு நிறைய இருந்தது என்றார் உம்மா. இன்று நான் ஒன்றும் எடுத்துப் போடவில்லை, மகளே. நேற்றைய அளவு சோறுகூட இல்லை. நிறைய என்று அவர்தான் பார்க்கிறார். அவர் தன் பங்கில் பாதியை என் சோற்றுக் கோப்பையில் தள்ளியதை நான் கண்டேன். எத்தனை நாளாக அப்படித் தள்ளினாரோ, பானையையே பார்த்துக்கொண்டிருந்த நான் கவனிக்கவில்லை. இப்போது எனக்குச் சொல்ல

தட்டுகிறாள். இரண்டு தட்டு. இன்னும் சுரண்டவில்லை. உம்மாவின் பாய் சரசரக்கிறது. “மகள், புள்ள வந்துட்டா, டின்ன எடுத்துக் குடு” என்கிறார். வாங்க உம்மா, நீங்களும் வாங்க என்று கூப்பிட்டுவிட்டேன், சத்தமாகவே கூப்பிட்டேன். டின் என் பக்கத்தில்தான் இருக்கிறது. மூடியை ஏற்கெனவே